யூடியூப் கமென்டுகளை வைத்து ஒரு மருந்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிய தமிழ் யூடியூப் வீடியோக்களின் கீழே வந்த கமென்டுகளைத் திரட்டி, எழுத்தை நேர்மறை, எதிர்மறை என்று பிரிக்கும் உணர்வுப் பகுப்பாய்வு மென்பொருளில் ஓட்டியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் 'எதிர்மறை' என்று வந்திருக்கிறது. தமிழ் பேசுபவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஸ்டேட்டின் எனப்படும் இந்தக் கொலஸ்ட்ரால் மருந்துகளில் நம்பிக்கை இல்லை என்று எம்.ஃபார்ம் ஆய்வேட்டில் எழுதலாமா, ஆய்வை வழிநடத்தும் கைடு ஏன் மறுக்கிறார் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மென்பொருள் 'எதிர்மறை' என்றது மருந்தைப் பற்றித்தானா என்பது ஒன்று. கமென்ட் போட்டவர்களை 'மக்கள்' என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் 'இல்லை'. அதனால் கைடு சொல்வது சரி. ஆனால் திரட்டிய தரவு வீண் இல்லை. எத்தனை பேர் என்று அது சொல்லாது. ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்கள், யார் பேச்சைக் கேட்டு நிறுத்துகிறார்கள், அந்தக் காரணத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பதை, கேள்வித்தாள் கொடுத்து நடத்தும் சர்வேயை விட நன்றாகவே சொல்லும்.

முதலில் அந்த 'எதிர்மறை'யைப் பார்ப்போம். உணர்வுப் பகுப்பாய்வு அளப்பது வாக்கியத்தின் தொனியை. உங்களுக்கு வேண்டியதோ மருந்தின் மேல் எழுதியவருக்கு உள்ள நிலைப்பாடு. உடம்பைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டும் அடிக்கடி எதிரெதிராகப் போகும். 'மாத்திரைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, உடம்பு சூப்பரா இருக்கு' என்ற மாதிரி கமென்டை மென்பொருள் நேர்மறையில் போடும். மருந்தைப் பொறுத்தவரை அது முழு நிராகரிப்பு. 'அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க, இந்த மாத்திரைய நிறுத்தினா மறுபடி அடைப்பு வந்துருமோன்னு பயமா இருக்கு' என்பது எதிர்மறையில் விழும். எழுதியவர் மருந்தை நம்புகிறவர். வலி, அடைப்பு, பயம், சாவு என்ற சொற்கள் இல்லாமல் இதய மருந்தைப் பற்றி யாராலும் பேச முடியாது, அதனால் எதிர்மறைச் சதவீதம் தானாகவே ஏறிவிடும். இன்னொரு பெரிய கூட்டத்தையும் மென்பொருள் கண்டுகொள்ளாது: 'எனக்கு எல்டிஎல் 145, மாத்திரை போடணுமா டாக்டர்?' என்று தங்கள் கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) அளவைச் சொல்லிக் கேட்பவர்கள். அவர்கள் இன்னும் எந்தப் பக்கமும் இல்லை. அவர்களையும் இரண்டில் ஒரு பெட்டிக்குள் தள்ளித்தான் உங்களுக்கு அந்த எண் வந்திருக்கிறது.

அடுத்தது, யார் எழுதுகிறார்கள் என்பது. இரவு சாப்பிட்டதும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் தூங்கப் போகிறவருக்கு யூடியூபில் எழுத விஷயமே இல்லை. கால் வலி வந்தவர், மருந்தை விட்டவர், மாற்று மருந்து விற்பவர், வீட்டில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைப் பார்த்துக் கவலைப்படும் மகள் ஆகியோர் எழுதுவார்கள். இதற்குத் தெளிவான சான்று 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வெளியிட்ட ஆய்வு. ரெடிட் தளத்தில் ஸ்டேட்டின் பற்றிய பத்தாயிரத்துச் சொச்சம் பதிவுகளையும் கருத்துகளையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு அவர்கள் வகைப்படுத்தினார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு நடுநிலை, 30 சதவீதத்தை ஒட்டி எதிர்மறை, நேர்மறை 3 சதவீதத்துக்கும் கீழே. அப்படியென்றால் நூற்றில் மூன்று பேருக்குத்தான் ஸ்டேட்டின் பிடித்திருக்கிறதா? உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் தினமும் விழுங்கும் மருந்து அது. அந்த ஆய்வில் எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிவது சதவீதம் அல்ல, அவர்கள் பிரித்தெடுத்த பேச்சுப் பொருள்கள். மாவுச்சத்தை மிகவும் குறைத்த கீட்டோ உணவில் இருப்பவர்கள் எல்டிஎல் ஏறினாலும் கவலையில்லை என்று வாதிடுவது, மருந்து நிறுவனங்களின் லாப நோக்கம் பற்றிய சந்தேகம், ஸ்டேட்டினுக்குப் பதிலாகச் சிவப்பு ஈஸ்ட் அரிசியை நாடுவது போன்றவை. கடைசியாகச் சொன்னதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனகோலின் கே, லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினேதான். 'மருந்து வேண்டாம், இயற்கை வேண்டும்' என்பவர் அதே மூலக்கூறை, அளவு உறுதியில்லாத வடிவில் எடுத்துக்கொள்கிறார். 'ஸ்டேட்டின் பிடிக்குமா, பிடிக்காதா' என்று கேட்கும் சர்வேயில் இது வெளியே வராது.

பக்கவிளைவுக்கும் மனநிலைக்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொள்வது அவசியம். நூறு பேர் கால் வலி என்று எழுதியிருந்தால், ஸ்டேட்டினால் கால் வலி வருகிறது என்று மக்கள் நம்புகிறார்கள் என்பது வரை சொல்லலாம். அந்த மருந்தால் அத்தனை வலி வருகிறது என்று சொல்ல முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த சாம்சன் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கவிளைவு என்று சொல்லி ஸ்டேட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு, சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் மாத்திரையே இல்லை என்று ஓராண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் தொந்தரவு மதிப்பெண் சராசரியாக 8.0, வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டேட்டினில் 16.3. அவர்களுக்கு வந்த வலி பொய் இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு, மாத்திரை போடுகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. அந்த எதிர்பார்ப்பு எங்கே உருவாகிறது என்று தேடினால் கமென்டுகள் நல்ல தரவு. பக்கவிளைவைக் கண்டுபிடிக்கும் கருவியாக அவை தேறவில்லை. ஐரோப்பாவில் சில ஆண்டுகள் நடந்த வெப்-ராடர் திட்டம், புதிய பக்கவிளைவுகளைப் பொதுவாகக் கண்காணிக்கச் சமூக ஊடகத்தைப் பரிந்துரைக்க முடியாது என்ற முடிவுக்குத்தான் வந்தது.

இனி வேலைக்கு வருவோம். நிரல் மூலம் தரவை எடுக்க யூடியூப் தரும் வழியான ஏபிஐயில், ஒரு நாளைக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஒதுக்கீடு 10,000 அலகுகள். ஒரு தேடலுக்கு 100 அலகு போய்விடும். கமென்டுகளை எடுக்கும் அழைப்புக்கு ஓர் அலகுதான், ஒரு தடவைக்கு 100 கமென்ட் வரை வரும். அதனால் தேடலைக் குறைவாகச் செய்து, வீடியோ பட்டியலை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு கமென்டுகளை முழுதாக எடுங்கள். தேடல் முடிவுகள் நாளுக்கு நாள் மாறும், முழுமையாகவும் வராது. எந்தச் சொல்லை எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதைப் பதிவு செய்யாவிட்டால் உங்கள் ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்யவே முடியாது. கமென்டுகளை 'பொருத்தம்' வரிசையில் எடுக்காதீர்கள். லைக் வாங்கியவை மேலே வந்து உங்கள் மாதிரியைக் கோணலாக்கும். நேர வரிசையில் எடுங்கள். முதல் அழைப்பில் பதில் கமென்டுகள் சிலதான் வரும், மீதியைத் தனி அழைப்பில் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சண்டை நடக்கும் இடமே உங்கள் தரவில் இருக்காது.

தமிழில் சொல் தேடுவதில் நிறையக் கோளாறுகள் வரும். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எல்லா உரையையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டுத் தேடாவிட்டால் 'கொலஸ்ட்ரால்' என்பதில் ஒரு பகுதி காணாமல் போகும், போனது தெரியவும் தெரியாது. வேற்றுமை உருபுகளைப் பிடிக்க 'மாத்திர' என்று வெட்டித் தேடினால் 'மாத்திரம்' எல்லாம் வந்து குவியும். 'கொழுப்பு மாத்திரை' என்று மக்கள் சொல்வதால் 'கொழுப்பு' என்று தனியாகத் தேடினால், 'உனக்கு ரொம்பக் கொழுப்பு' என்று வீடியோ போட்டவரைத் திட்டுபவர்களும் மாதிரிக்குள் வந்துவிடுவார்கள். இலங்கைத் தமிழர்கள் 'குளிசை' என்பார்கள், கொலஸ்ரோல் என்று எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் தமிழ் தனி உலகம், ஒரே சொல்லுக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் இருக்கும். 'ஸ்டேட்டின்' என்ற சொல்லையே பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். அட்டோர்வா, ரோசுவாஸ் என்று பிராண்டு பெயரில்தான் எழுதுவார்கள், அல்லது 'இதயத்துக்குக் கொடுத்த மாத்திரை' என்பார்கள். எகோஸ்பிரின் ஏவி என்று எழுதுபவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அதில் ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டேட்டினும் சேர்ந்திருக்கின்றன. 'வயிறு எரியுது' என்ற புகார் பெரும்பாலும் ஆஸ்பிரினைச் சேர்ந்தது, அதை ஸ்டேட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சொற்பட்டியல் எவ்வளவு தவறவிடுகிறது என்று அறிய, அதே வீடியோக்களிலிருந்து சொல் வடிகட்டி இல்லாமல் 500 கமென்டுகளைக் குலுக்கலில் எடுத்துப் படியுங்கள். மருந்தைப் பற்றியவை எத்தனை, அவற்றில் உங்கள் பட்டியல் பிடித்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பட்டியலை விரிவாக்கி மறுபடி சோதிக்கும்போது வேறு 500 எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே ஆள் பத்து வீடியோவில் ஒரே 'சித்த மருந்துக்கு இந்த நம்பரில் அழைக்கவும்' கமென்டை ஒட்டியிருப்பார். அவற்றைக் கழித்த பிறகும், சிலரே நிறைய எழுதுவது மாறாது. அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்துபவர்களைப் பற்றி ப்யூ ஆய்வு மையம் 2019-ல் வெளியிட்ட கணக்கில், மேல் 10 சதவீதத்தினரிடமிருந்து 80 சதவீத ட்வீட்டுகள் வந்தன. ஆகவே நீங்கள் எண்ணுவது கமென்டையா, ஆளையா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வீடியோவில் ஒன்று என்று வரம்பு வைப்பது நல்லது. அதைவிட முக்கியம், ஒரே வீடியோவின் கீழ் இருப்பவை ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை. அலோபதி இதய மருத்துவர் போட்ட வீடியோவின் கீழே வரும் பேச்சும், பேலியோ உணவுமுறை சேனலின் கீழே வரும் பேச்சும் வேறு. சேனல் உரிமையாளர் பிடிக்காத கமென்டை அழிக்கவும் முடியும். 50 வீடியோக்களிலிருந்து 40 வீதம் 2,000 கமென்டுகள் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரே வீடியோவின் கமென்டுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் ஒற்றுமைக் கெழு 0.1 என்றால், வடிவமைப்பு விளைவு, அதாவது மாதிரியின் பலன் எத்தனை மடங்கு குறைகிறது என்பது, 1 + (40 − 1) × 0.1 = 4.9. உங்கள் 2,000 உண்மையில் சுமார் 400-க்குச் சமம். சதவீதத்தின் பிழை வரம்பைக் காட்டும் நம்பிக்கை இடைவெளியை இந்த 400-ஐ வைத்துத்தான் போட வேண்டும், அல்லது வீடியோ வாரியாகத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் முறையில் போட வேண்டும். வீடியோ எண்ணிக்கையைக் கூட்டுவது, ஒரே வீடியோவில் கமென்டுகளைக் கூட்டுவதை விடப் பலன் தரும்.

வகைப்படுத்தலைக் கையால்தான் தொடங்க வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது. எதை எந்த வகையில் போடுவது என்று எழுதி வைக்கும் குறியீட்டு ஏட்டில் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: எழுதுபவர் நோயாளியா, உறவினரா, மருத்துவரா, விற்பவரா; நிலைப்பாடு ஆதரவா, எதிர்ப்பா, தயக்கமா, நிலைப்பாடே இல்லையா; காரணம்; செய்த செயல், அதாவது தொடங்கினாரா, நிறுத்தினாரா, அளவைக் குறைத்தாரா. காரணங்களுக்குப் புதிதாகச் சட்டகம் கண்டுபிடிக்க வேண்டாம். ராபர்ட் ஹார்னும் சகாக்களும் 1999-ல் வெளியிட்ட மருந்து நம்பிக்கைக் கேள்வித்தாள், 'இந்த மருந்து எனக்குத் தேவை' என்ற எண்ணத்தையும் 'இதனால் கெடுதல் வரும்' என்ற கவலையையும் இரண்டு தனி அளவுகளாகப் பிரிக்கிறது. நம் ஊர்க் கமென்டுகளுக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டையும் ஒரே வரியில் சொல்வார். 200 கமென்டுகளை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்து, ஏட்டைத் திருத்தி, பிறகு புதிதாக இன்னொரு 200-ல் இருவரின் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒப்புதலை அளக்க வேண்டும். அதற்கான அளவான கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா 0.8-க்கு மேல் வந்தால் நிம்மதி. 0.667-க்குக் கீழே என்றால் அந்த வகையை வைத்து எந்த முடிவும் சொல்லாதீர்கள். 'தயக்கம்' என்ற வகையில்தான் ஒப்புதல் பெரும்பாலும் சரியும். எதிர்ப்புக்கும் தயக்கத்துக்கும் இடையிலான எல்லையை எடுத்துக்காட்டுகளோடு எழுதி வைத்தால் ஓரளவு சரியாகும்.

அதன் பிறகுதான் இயந்திரம். மியூரில், எக்ஸ்எல்எம்-ஆர் போன்ற பன்மொழி மாதிரிகளை, அதாவது பல மொழி உரைகளில் பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை, தமிழுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றைச் சினிமாக் கமென்டுகளில் பயிற்றுவித்த வடிவத்தில் அப்படியே எடுத்து ஓட்டாதீர்கள். தமிழ்-ஆங்கிலக் கலப்பு உணர்வுப் பகுப்பாய்வுக்கு 2020-ல் வெளிவந்த பெயர்பெற்ற தரவுத்தொகுப்பு, படங்களின் டிரெய்லருக்குக் கீழ் வந்த கமென்டுகளால் ஆனது. 'மரண மாஸ்' என்பது அங்கே பாராட்டு. மாத்திரை பற்றிய கமென்டில் 'மரணம்' வந்தால் அது மரணம்தான். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளிடம் நேரடியாகக் கேட்டுக் குறிக்கச் செய்வதும் நடக்கிறது. தவறு இல்லை, ஆனால் மாதிரியின் பதிப்பையும் கொடுத்த கட்டளையையும் மாற்றாமல் உறைய வையுங்கள். கட்டளையைச் சீர்செய்யப் பயன்படுத்திய கமென்டுகளையும், இறுதித் தேர்வுக்கான கமென்டுகளையும் பிரித்து வையுங்கள். ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வகைக்கும், தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துத் தமிழுக்கும் தனித்தனியாக எஃப்1 பாருங்கள்; தவறவிட்டதையும் தவறாகப் பிடித்ததையும் சேர்த்துக் காட்டும் அளவு அது.

இயந்திரம் கொடுத்த சதவீதத்தையும் அப்படியே எழுத முடியாது. எதிர்ப்பு என்று 30 சதவீதம் வந்ததாகவும், கையால் குறித்த தேர்வுத் தொகுப்பில் இயந்திரத்தின் உணர்திறன் (உண்மையான எதிர்ப்பில் அது பிடித்த பங்கு) 0.80, தனித்தன்மை (எதிர்ப்பு அல்லாததை அது சரியாக விலக்கிய பங்கு) 0.85 என்று வந்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நோய்ப் பரிசோதனைகளுக்குப் பயன்படும் ரோகன்-கிளாடன் திருத்தத்தை இங்கேயும் போடலாம்: (0.30 + 0.85 − 1) ÷ (0.80 + 0.85 − 1) = 0.15 ÷ 0.65, அதாவது 23 சதவீதம். ஏழு புள்ளி வித்தியாசம் இயந்திரத்தின் தவறிலிருந்து மட்டும் வந்தது. இந்த 23-உம் அந்த வீடியோக்களின் கீழ் எழுதியவர்களைப் பற்றியது, மக்களைப் பற்றியது அல்ல.

எண்களை நம்பிப் பேசக்கூடிய இடமும் உண்டு. ஒரே மூலத்தை, ஒரே முறையில், காலவாரியாக ஒப்பிடும்போது மாற்றத்தின் திசை ஓரளவு நம்பத்தக்கது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் சொன்னது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தின் பதிவுகளை எடுத்தால் அச்சம் செங்குத்தாக ஏறியிருக்கும். ஆனால் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்கள் மனம் மாறினார்களா, அதுவரை எழுதாதவர்கள் புதிதாக வந்தார்களா என்பதைப் பிரித்தாக வேண்டும். நிகழ்வுக்கு முன்பும் பின்பும் எழுதிய அதே கணக்குகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இது தெரியும்.

பேச்சு செயலாகிறதா என்று அறிய வெளியிலிருந்து ஒரு தரவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சி ஸ்டேட்டின்களைக் கேள்விக்குள்ளாக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அடுத்த மாதங்களில் சுமார் 60,000 பேர் குறைவாக மருந்து வாங்கினார்கள் என்று ஆய்வாளர்களால் மதிப்பிட முடிந்தது, ஏனென்றால் அங்கே அரசு மானிய மருந்து வழங்கல் பதிவுகள் இருக்கின்றன. அந்த மாதிரி மாநில அளவுப் பதிவு உங்கள் கைக்கு வராது. உங்கள் கல்லூரி மருத்துவமனையின் இதயப் புறநோயாளிப் பிரிவில், கமென்டுகளிலிருந்து கிடைத்த காரணங்களையே விடைத் தெரிவுகளாக வைத்து 150 பேரிடம் கேட்டாலே ஆய்வேட்டின் எடை கூடும். 'எத்தனை பேர்' என்ற கேள்வியை அந்தச் சர்வேயிடம் ஒப்படைத்துவிடலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு எடுக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே கைடிடம் சொல்லுங்கள். பொதுவெளியில் இருப்பதால் எதையும் எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தன் பெயரில், தன் நோயை, ஒரு டாக்டரிடம் கேட்பதாக நினைத்து எழுதுபவர் அதை உங்கள் ஆய்வேட்டில் பார்க்க எதிர்பார்க்கவில்லை. கமென்டை வரிக்கு வரி மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பொருள் கெடாமல் மாற்றி எழுதுங்கள், மாற்றிய வரியைத் தேடிப் பார்த்துச் சோதியுங்கள். பயனர் பெயர்களை முதல் நாளே குறியீடாக்குங்கள். யூடியூபின் விதிப்படி ஏபிஐயில் எடுத்த தரவைப் புதுப்பிக்காமல் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. புதுப்பிக்கும்போது எழுதியவர் அழித்துவிட்ட கமென்டை நீங்களும் அழிக்க வேண்டும். மூடிய வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களுக்குள் உறுப்பினர் போல நுழைந்து எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கடுமையான பக்கவிளைவை யாராவது விவரித்திருந்தால் என்ன செய்வது என்பதையும் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நோயாளிகள் தாங்களே புகார் செய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024 இருக்கிறது.

ஆய்வேட்டில் எழுத வேண்டிய வாக்கியம் இந்த மாதிரி இருக்கலாம்: 'குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட தேடல்களில் கிடைத்த வீடியோக்களின் கீழ், ஸ்டேட்டின் பற்றி நிலைப்பாடு வெளிப்படுத்திய கமென்டுகளில் எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இவை; அலோபதி சேனல்களிலும் மாற்று மருத்துவச் சேனல்களிலும் அவை இவ்வாறு வேறுபட்டன.' இந்த வாக்கியத்தை எட்ட, இப்போது கையில் இருப்பதிலிருந்து 300 கமென்டுகளைக் குலுக்கி எடுங்கள். மென்பொருளின் முடிவை மறைத்துவிட்டு, நீங்களும் ஒரு நண்பரும் தனித்தனியாக நிலைப்பாட்டைக் குறியுங்கள். ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. நிலைப்பாடு இல்லாதவை எவ்வளவு, மென்பொருள் 'எதிர்மறை' என்றவற்றில் உண்மையான எதிர்ப்பு எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு கைடைப் பாருங்கள். கேள்விகளே அதிகம் என்று தெரிந்தால், ஸ்டேட்டின் பற்றி மக்கள் டாக்டரிடம் கேட்க முடியாமல் யூடியூபில் கேட்பவை என்ன என்பதையே ஆய்வின் தலைப்பாக்கிக் கொள்ளலாம். இந்தத் தரவை வைத்துச் செய்யக்கூடிய ஆய்வுகளில் எனக்கு அதுதான் மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது, ஏனென்றால் அந்தப் பட்டியலை உங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மறுநாளே பயன்படுத்த முடியும்.